மலையைப் பிடிக்கும், லயத்தைப் பிடிக்காது, போகவும் மாட்டோம்

முந்தாநாள் ஒரு பயணப் பக்கத்தில் இலங்கை மலையகத்து மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலை மலைப் படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். கீழே வழக்கமான வார்த்தைகள்தான். சொர்க்கம், கொடுத்துவைத்தவர்கள், இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது. அதற்கு நடுவில் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, "இந்த மலைக்குக் கீழ இருக்கிற லயத்துக்கு வாகனம் வர்ற ரோட்டு இல்ல, புள்ளப் பெறப் போற பொம்பளைய கம்பளியில கட்டித் தூக்கிட்டுத்தான் போறோம்" என்று எழுதியிருந்தாள் (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்). அதற்கு வந்த பதில்களில் ஒன்று, "அவ்வளவு கஷ்டமென்றால் ஏன் அங்கேயே இருக்கிறீர்கள்?" இன்னொன்று, "நல்லதைப் பார்க்கவே தெரியாதா?" அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

பிறந்து வளர்ந்த ஊரைத் திட்ட எவருக்கும் உரிமை உண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவர் காலி வீதி நெரிசலைத் திட்டுகிறார், மழை பெய்தால் ஒழுங்கையில் தண்ணீர் நிற்பதைத் திட்டுகிறார். யாழ்ப்பாணத்து நண்பர்கள் சித்திரை வெயிலையும் கேத்தலில் சுண்ணாம்பு படியும் கிணற்றுத் தண்ணீரையும் பற்றிப் பேசாத நாளில்லை. மட்டக்களப்பில் மார்கழி வெள்ளம். அப்படியானால் கிளம்புங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அது அவர்கள் ஊர் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. நாங்கள் வாயைத் திறந்தால் மட்டும் நன்றி கெட்டவர்கள், இல்லாவிட்டால் போக வேண்டியதுதானே என்று உடனே வந்துவிடுகிறது. இத்தனை தலைமுறை கழிந்தும் எங்களை இந்த மலையில் விருந்தாளியாகத்தான் பார்க்கிறார்கள், விருந்துக்கு வந்தவன் சாப்பாட்டைக் குறை சொன்னால் வருகிற அதே கோபம்தான் அந்தப் பதில்களில் இருந்தது.

சரி, பிடித்ததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நிறைய இருக்கிறது.

எங்கள் மேட்டு லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் ஏறினால் சிவனொளிபாதமலை முழுசாகத் தெரியும். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி நாள்) வெசாக் வரைக்கும் யாத்திரைக் காலம், படி நெடுக உச்சி வரை விளக்கு எரியும், எங்கள் பக்கம் கரண்ட் போன இராத்திரிகளில் அந்த விளக்கு வரிசை இன்னும் துலக்கமாக இருக்கும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் காயும் வாசம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வரும் என்பது எங்கள் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். கவ்வாத்து வெட்டிய மலை கன்னங்கரேலென்று கிடந்துவிட்டு, பிறகு ஒரு நல்ல மழைக்கு அப்படியே இளம்பச்சையாகத் துளிர்க்கும் பாருங்கள், அதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

வெயில் காலத்தில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா டவுனின் கோவிலும் விகாரையும் வெளியே தெரியும். எங்கள் அப்பாயி அந்தப் பழைய டவுனுக்குக் கடைக்குப் போனவர். எந்தக் கடை எந்த மூலையில் இருந்தது, சாராயக்கடைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எல்லாவற்றையும் கரையில் நின்று கைநீட்டிச் சொல்வார், தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஒரு ஊரை அவ்வளவு சுத்தமாக ஞாபகம் வைத்திருந்தார். அதே தண்ணீரில் எடுக்கும் மின்சாரம் நாட்டுக்கெல்லாம் போய் வெகுகாலம் கழித்துத்தான் சுற்றியிருந்த லயங்களில் பல்பு எரிந்தது என்பதையும் அவரே சொல்வார். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார். எங்கள் ஊர்ப் பேச்சே அப்படித்தான், பிடித்ததையும் பிடிக்காததையும் தனித்தனிப் பானையில் வைக்க எங்களுக்கு வராது.

இன்னொன்று, சாவு வீடு. ஒரு லயத்தில் சாவு விழுந்தால் மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் ஆள் குறைவாகத்தான் இருக்கும், பேர் (ஒரு நாள் சம்பளம்) போனால் போகட்டும் என்று நிற்பார்கள். ஒருவர் விறகு கொண்டுவருவார், பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) சோறு வேகும், பையன்கள் படங்கு கட்டுவார்கள், தப்பு மேளச் சத்தம் கேட்டதுமே அடுத்த டிவிசனிலிருந்து சனம் இறங்கி வரும். யாரும் யாரையும் கேட்பதில்லை. கொழும்பில் அறை எடுத்து இருந்த காலத்தில் எனக்கு மிகவும் இல்லாமல் போனது இதுதான். அங்கே மேல் மாடியில் ஒருவர் இறந்ததை நாங்கள் மூன்றாம் நாள் வெள்ளைக் கொடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இப்போது பிடிக்காதது.

மழையைப் பிடிக்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஜூன் ஜூலையில் பெய்கிற தென்மேல் பருவ மழையை லயத்தில் இருந்து அனுபவித்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். துணி காயாது. பள்ளிக்கூடச் சட்டையை அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போடுவோம். விடியற்காலையில் எடுத்தால் முதுகுப் பக்கம் காய்ந்திருக்கும், கொலரும் அக்குளும் ஈரமாக இருக்கும், முழுச் சட்டையும் விறகுப் புகை மணக்கும். அந்தச் சட்டையோடு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் ஒரு அங்குலம் தள்ளி உட்காருவாள். இன்றைக்கு நான் படிப்பிக்கிற வகுப்பிலும் ஜூலை மாதத்தில் அந்தப் புகை வாசம் வருகிறது. காலம் மாறிவிட்டது என்று சொல்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் அந்த வாசம்தான்.

லயம் என்பது வெள்ளைக்காரன் காலத்தில் ஆட்களை அடைத்து வைக்கக் கட்டியது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது, துரைமார் மாறினார்கள், எழுபதுகளில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காம்பராவின் அளவு மட்டும் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), தகரம் பறக்காமல் மேலே கல்லும் பழைய டயரும். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் எங்கள் வீட்டில் கேட்கும். புதிதாகக் கல்யாணமான மகனும் மருமகளும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற மகளும், இருமுகிற தாத்தாவும் அதே பத்தடிக்குள். அந்தச் சுவருக்குள் ஒருவர் வாய்விட்டு அழக்கூட முடியாது, விடிந்தால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் விசாரிப்பார்கள். இதை 'கூட்டு வாழ்க்கை' என்று சிலர் அழகாக எழுதுகிறார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள்.

பின்பக்கம் ஒரு குசினி இறக்குவதற்குத் தோட்டத்தில் அனுமதி கேட்க வேண்டும். சில இடங்களில் கேட்காமல் இறக்கியதை உடைத்துவிட்டுப் போன கதையும் உண்டு. நிலம் அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது, நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பத்துக்கு எழுத்தில் ஒன்றுமில்லை. வங்கியில் கடன் கேட்டால் காணி உறுதிப் பத்திரம் கேட்பார்கள். உறுதிக்கு எங்கே போவது?

விலாசத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பெரும்பாலான லயங்களில் வீட்டு இலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், தபால் நிலையம், அவ்வளவுதான். ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து, அங்கே ஒருவர் பையில் இரண்டு நாள் இருந்து, மழையில் நனைந்து, அப்புறம்தான் வீட்டுக்கு வரும். எங்கள் டிவிசனில் ஒரு பையனுக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் திகதி முடிந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. இப்போது அவன் கொழும்புப் புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறான். அவனுக்கு மலையைப் பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்பதில் என்ன அர்த்தம்?

சம்பளக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், 2021இல் நாளுக்கு 1000 ரூபாய் ஆனதற்கே எத்தனை வருடப் போராட்டம், 2024இல் 1350 ஆனது, சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். குளவிக் கொட்டு, அட்டை, தேயிலைக்குள் படுத்திருக்கும் சிறுத்தை, இதெல்லாம் எழுதப் போனால் இன்னொரு பதிவு வேண்டும்.

"ஏன் அங்கேயே இருக்கிறீர்கள்" என்ற கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அதைத்தான் கேட்டது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 525,000 பேர் இந்தியப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம் என்று பிரித்தபோது எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தாத்தாவின் தம்பி குடும்பம் அப்படித்தான் தமிழ்நாட்டுக் கூடலூருக்குப் போனது. அங்கேயும் தேயிலைதான், அங்கே அவர்களை சிலோன்காரர் என்கிறார்கள். சித்தப்பா ஃபோன் எடுத்தால் முதலில் எங்கள் சுகத்தைக் கேட்பதில்லை, "மலையில மழையா?" என்றுதான் கேட்பார். 1977, 1983 இனக்கலவரங்களில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் அங்கே போருக்குள் மாட்டிக்கொண்டார்கள். போன இடத்தில் நல்லது நடந்திருந்தால் நான் ஏன் இப்படி எழுதப்போகிறேன்?

இப்போது அதே பேச்சு மண்சரிவைச் சொல்லி வருகிறது, அதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. போக வேறு இடம் தராமல் விலகுங்கள் என்று மட்டும் சொன்னால் சனம் எங்கே விலகும்? 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மலைநாடு முழுக்கச் சரிந்தது, நாட்டில் 600க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த இரவுகளில் எங்கள் சனம் கோவிலிலும் பள்ளிக்கூடத்திலும் விழித்துக் கிடந்தது. அதற்குப் பிறகு யாராவது வேறு மாவட்டத்துக்குப் போய் நிம்மதியாகத் தூங்க ஆசைப்பட்டால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் இருக்க விரும்புகிறவர்களுக்கு இதே மலையில் சரியாத நிலம் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். அந்த நல்ல மேட்டில் பங்களா இருக்கிறது, ஹோட்டல் இருக்கிறது. சரிவில் லயம் இருக்கிறது. காணியைப் பற்றிப் பேசாமல் எங்களைக் கிளப்புவதைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள்மீது எனக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

எங்கள் ஆட்களிடமும் ஒரு மனத்தாங்கல் உண்டு. வெளியூர் போய் நன்றாக இருக்கிற அண்ணன்மார் அக்காமார் திருவிழாவுக்கு வருவார்கள், பிறந்த காம்பராவின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், இதெல்லாம் அழியக் கூடாது என்று எழுதுவார்கள். உங்கள் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அழியத்தான் வேண்டும். கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தைத் திருத்தித் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அருமையான வேலை. லயம் இருக்க வேண்டிய இடம் அதுதான். காமன் கூத்து இருக்கட்டும், தப்பு இருக்கட்டும், சாவு வீட்டுக்கு இறங்கி வருகிற சனம் இருக்கட்டும், அதற்குப் பத்தடிக் காம்பரா தேவையில்லை.

நம்பிக்கையில்லாதவர்கள் ஏழு பேர்ச் (கிட்டத்தட்ட 1,900 சதுர அடி) காணியில் தனி வீடு கிடைத்தவர்களைப் போய்ப் பாருங்கள். இந்திய உதவியில் முதலில் 4,000, பிறகு 2017இல் நோர்வூட்டுக்கு வந்த மோடி அறிவித்த 10,000 என்று வீட்டுத் திட்டம் நத்தை வேகத்தில்தான் நடக்கிறது, கிடைத்தவர்கள் குறைவு. ஆனால் கிடைத்த வீடுகளில் சனம் குடி வந்த கையோடு வாசலில் டேலியா வைக்கிறது, பின்னால் லீக்ஸ் பாத்தி கட்டுகிறது, மூங்கிலில் ஒரு கேட் போட்டு அதில் குடும்பப் பெயரைப் பெயின்டால் எழுதுகிறது. கேட் போட்ட வீட்டுக்காரர் ஒருவரிடம் போன மாதம் பேசிக்கொண்டிருந்தேன். ரோட்டில் கல் பெயர்ந்து கிடப்பதையும், குப்பை வண்டி வராததையும், தெருவிளக்கு எரியாததையும் பற்றி அரை மணித்தியாலம் திட்டினார், பிரதேச சபைக்கு எழுதிய கடிதத்தின் பிரதியையும் காட்டினார். கடிதத்தின் மேலே அவருடைய சொந்த விலாசம், வீட்டு இலக்கத்தோடு.

நம் ஆட்கள் நிறையப் பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் தோட்டத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு இடத்தையும் பிடிக்காத ஒரு விஷயத்தையும் கீழே எழுதுங்கள். தோட்டப் பெயரையும் டிவிசனையும் போட்டு எழுதுங்கள், எந்தப் படி வழுக்குகிறது, எந்தப் பீலியில் தண்ணீர் இல்லை, எந்த ரோட்டில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு நின்றுபோகிறது என்பது வரைக்கும். 'போக வேண்டியதுதானே' என்று எழுத வருகிறவர்களுக்கு நான் பதில் எழுதிக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்.