வகுப்பறைக்கு ஒரு வரி போதாது

கோவை இயற்பியல் பேராசிரியர் ஒருவர் துணைவேந்தரான கதையைச் சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன். அதில் அவர் பாடம் நடத்தியதற்கு ஒரே ஒரு வரிதான். எனக்கு அது போதவில்லை.

நானும் இங்கே அப்படி ஒரு சாரிடம் படித்தவன். படிக வளர்ப்பு அவருடைய ஆய்வு. கரைசல் மெதுவாக ஆவியாக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வெப்பநிலை கொஞ்சம் ஆடினாலும் படிகத்தில் குறை விழுந்துவிடும். கரண்ட் போன இரவுகளில் சைக்கிளில் வந்து தொட்டியைப் பார்த்துவிட்டுப் போவார். லென்சுக்கடியில் தெரியும் ஒளி வளையங்களை அளந்து அலைநீளம் கண்டுபிடிக்கும் நியூட்டன் வளையச் சோதனையில், சோடியம் விளக்கொளியின் அலைநீளம் புத்தகத்தில் உள்ளபடி 589.3 நானோமீட்டர் வரும்படி நான் அளவுகளைத் திருத்தி எழுதியிருந்தேன். சார் திட்டவில்லை. "கண்ணு, பார்த்ததை எழுது. தப்பா வந்தா ஏன்னு ரெண்டு பேரும் தேடலாம்" என்றார்.

அப்புறம் பல்கலைக்கழகப் பொறுப்புக்குப் போனார். 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் வரும்வரை எங்கள் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தன. சான்றிதழ் வேலைக்குக்கூட ரயில் ஏறிய காலத்தைப் பார்த்தவர் என்பதால், மாணவர் மனு எதையும் மேசையில் தங்க விடமாட்டார்.

கட்டுரையாளர் அந்தப் பேராசிரியரின் மாணவர்களிடமும் பேசி இன்னொரு பகுதி எழுத வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, கோபிப் பள்ளிகளில் ஆசிரியர்களிடையே தேடினால் நிச்சயம் கிடைப்பார்கள்.