குரோம்புக் போதுமான்னு கேக்கறவங்களுக்கு, ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து ஒரு பதில்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான். பொண்ணு காலேஜ் போறா, கடையில 20 ஆயிரத்துக்கு குரோம்புக்னு, விண்டோஸுக்குப் பதிலா கூகுளோட குரோம்ஓஎஸ் ஓடற லேப்டாப் ஒண்ணு காட்டறாங்க, வெயிட்டே இல்ல, சார்ஜ் நாள் பூரா நிக்கும்ங்கறாங்க, அதையே வாங்கிரலாமா இல்ல இன்னும் ஒரு 15 ஆயிரம் பொரட்டி விண்டோஸ் லேப்டாப்பே எடுத்துரலாமா, இதான் கேள்வி. தனித்தனியா பதில் போட்டு மாளல, அதனால மொத்தமா இங்கயே எழுதிடறேன், நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

நான் ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸ் ஃபைலிங் பாக்கறேன். ஆபீஸ்ல விண்டோஸ், வீட்ல குரோம்புக், ரெண்டும் தினமும் கைல பொழங்கறது. என் அபிப்பிராயத்த முதல்லயே சொல்லிடறேன். வீட்டுக்கும் படிப்புக்கும் பெரும்பாலானவங்களுக்கு குரோம்புக் தாராளமா போதும், சில விஷயத்துல விண்டோஸ விட நல்லதுன்னே சொல்வேன். ஆனா நம்ம ஊர்ல பொழப்பு நடக்கற நிறைய வேலைகள அதுல இன்னிக்கும் பண்ண முடியாது, அதுக்குக் காரணம் அந்த மெஷினோட பவர் கிடையாது, நம்ம கவர்மென்ட் போர்ட்டல்களும் சாஃப்ட்வேர்களும் விண்டோஸ மட்டுமே மனசுல வச்சு கட்டி விட்டிருக்கறதுதான். இது எனக்கு ரொம்ப நாளா இருக்கற ஆதங்கம்.

"அதுல வெறும் பிரவுசர்தானங்க இருக்கு, நெட் இல்லன்னா என்ன பண்றது"ன்னு கேக்கறவங்க இன்னும் 2011லயே நிக்கறாங்க. அந்த வருஷம்தான் சாம்சங்கும் ஏசரும் முதல் குரோம்புக்க வித்தாங்க, அப்போ அந்தப் பேச்சு முழுக்க சரி. அப்புறம் 2016ல ஆண்ட்ராய்டு ஆப் ஓடும்னு சொன்னாங்க, 2018ல லினக்ஸ் உள்ள வந்துச்சு, டாக்ஸ் ஷீட்ஸ் எல்லாம் முன்னாடியே ஆஃப்லைன்னு செட் பண்ணி வச்சுட்டா கரண்டும் வைஃபையும் சேர்ந்து போனாலும் பேட்டரில டைப் பண்ணிட்டு இருக்கலாம், நெட் வந்ததும் அதுவே ஏத்திக்கும். அதுவும் இல்லாம, நெட் இல்லாத விண்டோஸ் லேப்டாப்ப வச்சு இன்னிக்கு நாம என்ன வேலை பாக்கறோம்னு யோசிச்சுப் பாருங்க, பேங்க்ல இருந்து பஸ் டிக்கெட் வரைக்கும் எல்லாமே பிரவுசருக்குள்ளதான் நடக்குது.

எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது வைரஸ் தொல்லை இல்லாததுதான். ஜெராக்ஸ் கடைக்கு பென்டிரைவ் கொண்டு போய் பிரின்ட் எடுத்துட்டு வந்தா வீட்டு கம்ப்யூட்டர்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறி நிக்கும் பாருங்க, அது தெரியாத வீடே நம்ம ஊர்ல இருக்காது. குரோம்புக்ல அந்த வைரஸோட இஎக்ஸ்இ ஃபைல், அதாவது விண்டோஸ் புரோகிராம், ஓடவே ஓடாது. அதோட ஒவ்வொரு தடவை ஆன் ஆகறப்பவும் உள்ள இருக்கற சிஸ்டத்த யாராவது மாத்திருக்காங்களான்னு அதுவே செக் பண்ணிக்கும், தப்பா இருந்தா சுத்தமான காப்பிக்குப் போயிடும். அப்டேட்டும் அப்படித்தான், சிஸ்டத்தோட ரெண்டு காப்பி உள்ள இருக்கு, நீங்க ஒண்ணுல வேலை பாத்துட்டு இருக்கறப்பவே இன்னொண்ணுல அப்டேட் ஏறிடும், அடுத்த தடவை ரீஸ்டார்ட் பண்றப்ப புதுசுல எழுந்திருக்கும். "அப்டேட் ஆகிறது, ஆஃப் செய்யாதீர்கள்"னு நீல ஸ்க்ரீன பாத்துட்டு கிளையன்ட்ட உக்கார வச்சுட்டு காத்துட்டு இருக்கற வேலையெல்லாம் இல்ல. வயசானவங்க இருக்கற வீட்டுக்கு, கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ற ஆளே பக்கத்துல இல்லாத ஊருக்கு, இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு வச்சிருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

எங்க அக்கா கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர். அவங்களுக்கு மாணவர் விவரம் ஏத்தற எமிஸ் சைட்டு பிரவுசர்ல, ஸ்கூல் கல்வித் துறையோட டிஎன்செட் ஆப் ஆண்ட்ராய்டுல, கொஸ்டின் பேப்பர் கூகுள் டாக்ஸ்ல. தமிழ் டைப்பிங்குக்குத் தனியா எதையும் தேடிப் போட வேண்டாம், தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெடிக் எல்லாமே உள்ளயே இருக்கு, செட்டிங்ஸ்ல போய் சேத்துக்கிட்டா போதும். அவங்களுக்கு வேற எதுவும் தேவைப்படல. டிஎன்பிஎஸ்சி படிக்கறவங்க, பி.ஏ. தமிழ், இங்கிலீஷ், ஹிஸ்டரி, பி.எட். படிக்கறவங்க, வீட்ல மெயில், யூடியூப், பேங்க், பசங்க ப்ராஜெக்ட்டுன்னு இருக்கறவங்க எல்லாரும் கண்ண மூடிட்டு வாங்கலாம், மிச்சம் ஆகற காசுல ஒரு பிரின்டர் வாங்கிப் போடுங்க.

இப்போ என் ஆபீஸ் டேபிளுக்கு வருவோம்.

ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும்னா கம்பெனி சார்பா கையெழுத்து போடறவரோட டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையெழுத்து வேணும். அது ஒரு சின்ன யூஎஸ்பி டோக்கன், பாக்க பென்டிரைவ் மாதிரியே இருக்கும். அத சொருகினா மட்டும் போதாது, டோக்கனுக்கு ஒரு டிரைவர் போடணும், எம்சைனர்னு ஒரு சாஃப்ட்வேர் போடணும், அது பின்னாடி ஓடிட்டே இருக்கணும், அப்போதான் பிரவுசர்ல இருக்கற போர்ட்டல் அதோட பேசும். குரோம்ஓஎஸ்ஸுக்குன்னு இதுல எதுவுமே கிடையாது. டெண்டர் போடற கான்ட்ராக்டருக்கும் இதே கதைதான், அங்க ஜாவாவும் சேர்ந்துக்கும், எந்த வெர்ஷன் ஜாவா இருந்தா அந்த சைட்டு ஒத்துக்கும்னு தெரிஞ்சு வச்சிருக்கற ஆளுக்கு எங்க தெருவுல தனி மரியாதையே இருக்கு. அதாவது பேருக்கு அது ஆன்லைன் போர்ட்டல், ஆனா கையெழுத்து போடற இடம் வந்ததும் அந்தக் குறிப்பிட்ட விண்டோஸ் மெஷினத் தேடிப் போகணும்.

அதே ஜிஎஸ்டில ப்ராப்ரைட்டர் ஒருத்தர் ரிட்டர்ன் போட்டா அவருக்கு மொபைல்ல ஓடிபி வருது, இவிசின்னு சொல்வோம், அத அடிச்சா முடிஞ்சது. மளிகைக் கடைக்காரர் ஒருத்தர் தன் ரிட்டர்ன குரோம்புக்ல என்ன, போன்லயே போடலாம். சம்பளக்காரங்க போடற இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன், ஐடிஆர்-1, அதுவும் அப்படித்தான், ஆதார் ஓடிபில வெரிஃபை ஆகிடுது. அப்போ பிரவுசருக்குள்ளயே முழுசா முடிக்கற வழி அரசாங்கத்துக்குத் தெரியாம இல்ல, ஏற்கனவே கோடிக்கணக்கான பேருக்குக் குடுத்திருக்காங்க. கம்பெனிக்கு டோக்கன் கேக்கறதுல நியாயம் இருக்கு, ஓடிபிய விட டோக்கன் பாதுகாப்பானது, கையெழுத்து போடற ரகசியச் சாவி டோக்கனுக்குள்ள இருக்கற சிப்ப விட்டு வெளிய வராது, அத நான் எதிர்க்கல. யூஎஸ்பி கீ ஒண்ணு பிரவுசரோட நேரா பேசி லாகின் பண்ற வெப்ஆத்தன் ஸ்டாண்டர்டே 2019ல வந்தாச்சு, தனி டிரைவர் எதுவும் வேண்டாம், விண்டோஸ், மேக், குரோம்புக், போன்னு எல்லாத்துலயும் ஓடுது. அது லாகினுக்கு, கையெழுத்துக்கு இன்னும் வேலை பண்ணணும், சரி. அந்த வேலைய பண்ணலாம்ல, இவ்ளோ பெரிய நாட்டுக்கே யூபிஐ கட்டின ஆளுங்க நம்மகிட்ட இருக்காங்க.

இ-சேவை மையம் வச்சிருக்கறவங்களுக்கு கைரேகை மெஷின். அதுக்கு ஆர்டி சர்வீஸ்னு ஒரு சாஃப்ட்வேர் ஓடணும், விண்டோஸுக்கு இருக்கு, ஆண்ட்ராய்டு போனுக்கு இருக்கு, குரோம்புக்க நம்பி அந்தக் கடையத் திறக்க முடியாது. புதுசா சென்டர் போடற தம்பிங்க யாராவது இதப் படிச்சா தயவுசெஞ்சு விலையப் பாத்து ஏமாந்துறாதீங்க, அந்த ஒரு மெஷினுக்காகவே நீங்க விண்டோஸ்தான் வாங்கியாகணும்.

அப்புறம் டேலி. ஜவுளி மார்க்கெட்ல எந்தக் கடைக்குப் போனாலும் கணக்கு டேலிலதான் இருக்கும், அது விண்டோஸ் சாஃப்ட்வேர். கிளவுட்ல போட்டு மாச வாடகைக்குத் தர்றாங்க, பிரவுசர்லயே திறக்கலாம், எங்க கிளையன்ட்ஸ் சிலர் அப்படி வச்சிருக்காங்க, ஆனா வருஷ வாடகைய கூட்டிப் பாத்தா லேப்டாப்ல மிச்சம் புடிச்ச காசு அங்க போயிடும். ஸோஹோ புக்ஸ் மாதிரி ஆரம்பத்துல இருந்தே பிரவுசருக்குன்னு எழுதினது இருக்கு, நல்லாவே இருக்கு, ஆனா 20 வருஷமா டேலி ஷார்ட்கட் கீலயே விரல் ஓடற ஒரு கணக்குப்பிள்ளைய மாத்தச் சொல்றது லேசுப்பட்ட விஷயம் இல்ல, அவர் வேகத்துக்கு எந்த பிரவுசரும் ஈடு குடுக்கல, அதையும் ஒத்துக்கணும். எக்ஸெல் மேக்ரோவும் (திரும்பத் திரும்ப பண்ற வேலைய தானா முடிக்க எழுதி வைக்கறது) அப்படித்தான், பிரவுசர் எக்ஸெல்ல மேக்ரோ ஓடாது, எங்க ஆபீஸ்ல கணக்க ஒத்துப் பாக்கற ரீகன்சிலியேஷன் ஷீட் எல்லாம் மேக்ரோவுலதான் நிக்குது. அதனால பி.காம். சேர்ற பசங்களுக்கு நான் விண்டோஸ்தான் சொல்வேன். நிறைய பேர் பி.காம்.னா சும்மா டைப்பிங்தானன்னு குரோம்புக் எடுக்கப் பாக்கறாங்க, வேணாம். மெக்கானிக்கல், சிவில் பத்தி சொல்லவே வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பையனுக்கு லினக்ஸ ஆன் பண்ணிக் குடுத்தா பைத்தான் வரைக்கும் ஓடும், ஆனா 4 ஜிபி ராம்ல நாலு வருஷம் தள்ள முடியாது.

தமிழ்ல ஒரு பிரச்சினை தனியா இருக்கு, இதப் பத்தி யாரும் பேசறதே இல்ல. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கற டிடிபி கடைகள்ல இன்னும் பேஜ்மேக்கர்னு பக்கம் வடிவமைக்கற பழைய சாஃப்ட்வேர் ஓடுது, 2001ல வந்த வெர்ஷன். அந்த ஃபைல் எல்லாம் யூனிகோட் (எந்த மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியற எழுத்துக் குறியீடு) கிடையாது, வானவில், ஸ்ரீலிபின்னு பழைய ஃபான்ட், அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா தமிழே வராது, இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா குப்பையா கொட்டும். கூகுள் டாக்ஸ்ல போட்டா அதான் நடக்கும். தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோட ஸ்டாண்டர்டா ஏத்துக்கிட்டு ஆணை போட்டாச்சு, ஆனா இன்னிக்கும் எங்களுக்கு வர்ற பழைய டாகுமென்ட்ல பாதி வானவில்லதான் இருக்கு. கன்வர்ட்டர்ல போட்டு மாத்தலாம், மாத்தினதுக்கப்புறம் வரிக்கு வரி சரி பாக்கணும், பேரும் சர்வே நம்பரும் இருக்கற பத்திரத்துல ஒரு எழுத்து மாறினா யார் பொறுப்பு? புது மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி இந்தப் பழைய ஃபைல் எல்லாத்தையும் யூனிகோடுக்குக் கொண்டு வர்றது நம்ம மொழிக்கே செய்ய வேண்டிய வேலைன்னு நான் நெனைக்கறேன், ஏன்னா இத ஓட்டிட்டு இருக்கற அந்தப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் ஒரு நாள் ஆன் ஆகாமப் போனா அதுல இருக்கற தமிழும் கூடவே போயிடும்.

இன்னொரு பயம், கூகுள் கைல மொத்தத்தையும் குடுக்கறோமேன்னு. நியாயமான பயம்தான். டென்மார்க்ல ஹெல்சிங்கோர்னு ஒரு ஊர், அங்க ஸ்கூல் பசங்களோட டேட்டா எங்க போகுது, எப்படிக் கையாள்றாங்கங்கற கேள்வில 2022ல அந்த நாட்டு டேட்டா பாதுகாப்பு அமைப்பே ஸ்கூல்ல குரோம்புக் பயன்பாட்டத் தடை பண்ணுச்சு. நம்ம ஊர்ல அந்தக் கேள்விய ஒரு ஸ்கூலும் பேரன்ட்ஸ் மீட்டிங்ல பேசி நான் கேட்டதில்ல, பேசணும். கூகுள் அக்கவுன்ட் லாக் ஆனா மெஷினுக்குள்ளயே போக முடியாத நிலைமையும் வரலாம், அதனால ரெக்கவரி நம்பர் அப்பா அம்மா நம்பரா போடுங்க, முக்கியமான சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரு பென்டிரைவ்லயும் வைங்க. அதே நேரம் பிரவுசர்ல வேலை பாக்கறதுன்னா கூகுள்ல மட்டும்தான்னு இல்ல, ஸோஹோ ரைட்டர் 2005லயே வந்தது, கூகுள் டாக்ஸுக்கும் முன்னாடி, நம்ம சென்னைக் கம்பெனி. குரோம்புக்ல உக்காந்து ஸோஹோல வேலை பாக்க எந்தத் தடையும் இல்ல. அவ்ளோ ஏன், எச்பி குரோம்புக்கே 2023 அக்டோபர்ல இருந்து சென்னை பக்கத்துல இருக்கற ஃப்ளெக்ஸ்ங்கற கம்பெனியோட ஃபேக்டரில தயாராகுது. எழுதற சாஃப்ட்வேரும் இங்க, மெஷின் செய்யறதும் இங்க, நம்ம போர்ட்டல் மட்டும் அதுல கையெழுத்து போட விடாதுங்கறது எனக்கு வருத்தமா இருக்கு.

வீட்ல பழைய லேப்டாப் இருந்தா அதையும் பாருங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சது, நிறைய பழைய மெஷின்ல விண்டோஸ் 11 ஏறாது. அதுல குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் (பழைய லேப்டாப்ல போட்டுக்கற குரோம்ஓஎஸ்) ஏத்திப் பாக்கலாம், இலவசம், 4 ஜிபி ராம் இருந்தா போதும், ஆண்ட்ராய்டு ஆப் மட்டும் வராது. பென்டிரைவ்ல போட்டு அதுல இருந்தே ஓட்டிப் பாத்துட்டு, வைஃபை, சவுண்டு, கேமரா எல்லாம் வேலை செய்யுதான்னு பாத்துட்டு, அப்புறம் ஹார்டு டிஸ்க்ல ஏத்துங்க, ஏத்துனா பழசெல்லாம் அழிஞ்சிடும்.

கடைசியா செகண்ட்ஹேண்ட். 7 ஆயிரம், 8 ஆயிரத்துக்கு ரீஃபர்பிஷ்டு குரோம்புக்னு ஆன்லைன்ல விக்கறாங்க. ஒவ்வொரு மாடலுக்கும் அப்டேட் நிக்கற தேதின்னு ஒண்ணு கூகுள் வச்சிருக்கு. அமெரிக்காவுல நல்லா ஓடற மெஷினக்கூட தேதி முடிஞ்சுதுன்னு ஸ்கூல்ல இருந்து ஒதுக்கறாங்கன்னு பெரிய சத்தம் ஆச்சு, அப்புறம் 2023 செப்டம்பர்ல 10 வருஷம் அப்டேட் தர்றோம்னு அறிவிச்சாங்க. அந்த 10 வருஷம் நீங்க வாங்கற நாள்ல இருந்து இல்ல, அந்த மாடலோட பிளாட்ஃபார்ம், அதாவது உள்ள இருக்கற அடிப்படை ஹார்டுவேர், முதல்ல வெளிவந்த நாள்ல இருந்து கணக்கு. அதனால கடைல இருக்கறப்பவே ஆன் பண்ணச் சொல்லி, செட்டிங்ஸ்ல அபவுட் குரோம்ஓஎஸ், அதுக்குள்ள அடிஷனல் டீடெய்ல்ஸ் போய்ப் பாருங்க, எந்த வருஷம் எந்த மாசம் வரைக்கும் அப்டேட்னு எழுதியிருக்கும். ஆன்லைன்ல வாங்கறதா இருந்தா மாடல் நம்பர கூகுளோட அப்டேட் பாலிசி பக்கத்துல தேடிப் பாத்துட்டு ஆர்டர் போடுங்க. பொண்ணு டிகிரி முடிக்கற வருஷத்துக்கு முன்னாடியே அந்தத் தேதி வந்துதுன்னா அத எடுக்காதீங்க. எந்த கோர்ஸ், எந்த டிபார்ட்மென்ட்டுன்னு கமென்ட்ல போடுங்க, தெரிஞ்சத சொல்றேன்.