ஊடகக் கல்லூரியில் செய்தியை எண்ணுகிறவர்கள்

எந்த ஊடகக் கல்லூரியின் அறிமுகக் கையேட்டைப் புரட்டினாலும் முதலில் கேமராதான் கண்ணில் படும். அடுத்து பச்சைத் திரை போட்ட ஸ்டூடியோ, கையில் மைக்கோடு சிரிக்கும் மாணவி. அங்கே ஆராய்ச்சியும் நடக்கிறது என்பது கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும். "செய்தி எழுதச் சொல்லிக்கொடுத்தால் போதாதா, இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். அவர்களை விட, அப்படிக் கேட்க வைத்த கல்லூரிகள் மேல்தான் எனக்குக் கோபம்.

1968 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயம். சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழக இதழியல் ஆசிரியர்கள் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்டு ஷாவும், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரைப் பிடித்து, நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த நாளிதழ்களையும் வார இதழ்களையும் தொலைக்காட்சிச் செய்திகளையும் எடுத்து, எதற்கு எவ்வளவு இடம் தந்திருக்கிறார்கள் என்றும் எண்ணினார்கள். மக்கள் எதை முக்கியம் என்றார்கள் என்ற வரிசையும், ஊடகம் எதற்கு அதிக இடம் தந்தது என்ற வரிசையும் கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போயின. 1972-ல் கட்டுரை வந்தது. டிவி விவாதத்தில் உட்காருகிறவரெல்லாம் இன்றைக்கு "அஜெண்டா செட் பண்றாங்க", அதாவது எதைப் பற்றி நாம் பேச வேண்டும் என்று ஊடகமே தீர்மானிக்கிறது, என்கிறாரே, அதற்கு ஆய்வுப் பிடிமானம் தந்தது இந்த எண்ணும் வேலைதான்.

சரி, ஊடகம் மக்களைப் பார்த்து எழுதியதா, மக்கள் ஊடகத்தைப் பார்த்துப் பேசினார்களா? ஒத்துப்போனதை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் 1980-களில் அரசியல் ஆய்வாளர்கள் ஷாந்தோ ஐயங்கரும் டொனால்டு கிண்டரும் செய்தி அறிக்கைகளை வேண்டுமென்றே மாற்றித் தொகுத்து, ஆட்களுக்குப் போட்டுக் காட்டிச் சோதித்தார்கள்.

எண்ணுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். "விலை உயர்வைக் கண்டித்து எதிர்க்கட்சி மறியல், போக்குவரத்து முடக்கம்" என்று ஒரு தலைப்பு. இது பொருளாதாரமா, அரசியலா, போக்குவரத்தா? ஆய்வு மாணவர்கள் இருவர் ஒருவரையொருவர் கேட்காமல் குறித்துக்கொண்டே போக வேண்டும். நூற்றில் தொண்ணூறு ஒத்துப்போனாலும் நம்பிவிட முடியாது. பெரும்பாலான செய்தி ஒரே வகையாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் அந்த எண்ணிக்கை வந்துவிடும். அந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கத்தான் கிளாஸ் கிரிப்பன்டார்ஃபின் ஆல்ஃபா அளவு. முழுக்க ஒத்துப்போனால் அது 1; 0.8 வந்தால் நிம்மதி. வராவிட்டால் வகைகளுக்கான விளக்கத்தைத் திருத்தி எழுதி, புதிய செய்திகளை எடுத்து மறுபடி முதலிலிருந்து. சில இடங்களில் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து "பேசி முடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் அந்த எண்ணுக்கு மதிப்பு ஏது?

இப்போது எண்ணுவதற்கான பொருளே கைக்குக் கிடைப்பதில்லை. 2023-ல் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்), பதிவுகளை மொத்தமாக எடுக்க ஆய்வாளர்களுக்கு உதவிய இலவசத் தரவு வழியை அடைத்தது. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் இதே முகநூலின் முதலாளியான மெட்டா, 2024 ஆகஸ்டில் கிரவுட்டேங்கிளை மூடியது. எந்தப் பதிவு எப்படிப் பரவுகிறது என்று செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் பார்த்து வந்த கருவி அது. மாற்றாக வந்ததற்கு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். லாப நோக்கில் நடக்கும் செய்தி நிறுவனங்களுக்கு அதுவும் இல்லை. அந்த அனுமதிக்குப் பல்கலைக்கழக முகவரி உதவும் காலத்தில், கல்லூரி புதுக் கேமரா வாங்கியதைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது!

கட்டுரையில் பேராசிரியர் பெயர் முதலில் இருக்கும். மாதக்கணக்கில் தலைப்புகளைக் குறித்த மாணவர்கள் அடிக்குறிப்பில் "உதவியவர்கள்" ஆகிவிடுவார்கள், அதுவும் பல நேரம் பெயரில்லாமல். அவர்கள் பெயரைப் போடுங்கள். அவர்கள் திருத்தித் திருத்தி எழுதிய வகைப்பாட்டுக் கையேட்டையும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கும்படி பொதுவில் வையுங்கள். அறிமுகக் கையேட்டில் பக்கம் போதவில்லை என்றால் பச்சைத் திரையை எடுத்துவிடலாம்.