"அஞ்சும் உங்களோடதா?"

ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை என்று பேச்சு எடுத்தாலே, "வளர்க்க வக்கில்லாதவங்க எதுக்கு இத்தனை பெத்துக்கணும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உதவிக்கு விண்ணப்பம் கொடுக்கும் கவுன்டரிலும் அதே கேள்விதான். படிவத்தில் ஐந்தாவது பெயர் வந்ததும், உள்ளே இருப்பவர் தலையை நிமிர்த்தி அந்த அம்மாவைப் பார்த்து, "அஞ்சும் உங்களோடதா?" என்பார். வரிசையில் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் அது கேட்கும். தகுதி இருந்தும் பலர் உதவி கேட்டு வராமல் போவதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம்.

"அந்த வீட்டுக்கு எவ்வளவு போகுது பாருங்க" என்பவர்கள் தொகையைத்தான் பார்க்கிறார்கள், தலைகளை எண்ணுவதில்லை. குடும்ப வருமானத்தை ஒப்பிட ஐரோப்பாவில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முதல் பெரியவரின் தேவை 1 என்று வைத்தால், அடுத்து 14 வயதைத் தொட்ட ஒவ்வொருவருக்கும் 0.5, அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 0.3. தம்பதியும் இரண்டு சிறு பிள்ளைகளும் என்றால் 2.1. ஐந்து பிள்ளைகள் என்றால் 3. சின்னக் குடும்பம் 100 ரூபாயில் நடத்தும் வாழ்க்கையை நடத்தப் பெரிய குடும்பத்துக்கு ஏறக்குறைய 143 வேண்டும். அண்ணன் சட்டை தம்பிக்கு, ஒரே அடுப்பு என்ற சிக்கனமெல்லாம் அந்த 0.3-க்குள் ஏற்கெனவே அடக்கம். இரண்டு பிள்ளைகள் 14-ஐத் தொட்டுவிட்டால் 3 என்பது 3.4 ஆகிவிடும்.

சம்பளம் பிள்ளைகளின் எண்ணிக்கை பார்த்து வருவதில்லை. இதைச் சொல்லித்தான், பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகை வேண்டும் என்று, நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த எலினார் ராத்போன் என்ற பெண்மணி பிரிட்டனில் பல ஆண்டுகள் போராடினார். 1945-ல் சட்டம் வந்தது, 1946-ல் தொகை கைக்கு வந்தது. வாரம் 5 ஷில்லிங், அதுவும் இரண்டாவது பிள்ளையிலிருந்துதான். பணம் தாயின் கையில் சேர வேண்டும் என்பதற்கும் அவர் தனியாக வாதாட வேண்டியிருந்தது.

அதே நாட்டில், 2017 ஏப்ரல் 6 முதல் பிறக்கும் மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு அடுத்தவர்களுக்கும், வருமானம் பார்த்துத் தரும் உதவியில் குழந்தைக்கான பங்கு கிடையாது என்று விதி போட்டார்கள். பணத்தை நிறுத்தினால் பிள்ளை பெறுவது குறையும் என்ற நம்பிக்கை. ஆய்வாளர்கள் பார்த்தபோது பிறப்பு மிகச் சொற்பமாகத்தான் குறைந்திருந்தது. வீட்டில் ஒருவராவது வேலைக்குப் போகும் குடும்பங்களும் ஏராளமாக இதில் மாட்டின. வல்லுறவில் பிறந்த பிள்ளைக்கு விலக்கு இருந்தது, ஆனால் தாய் அதைப் படிவத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரு பெண்ணை இதைவிட நோகடிக்கும் காகிதம் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் 2025 நவம்பரில், அந்த விதியை நீக்குவதாக அரசே அறிவித்தது. அமெரிக்காவிலும் இப்படித்தான். உதவி பெறும்போது பிறக்கும் பிள்ளைக்குக் கூடுதல் தொகை இல்லை என்று 1992-ல் முதலில் சட்டம் போட்ட நியூ ஜெர்சி மாநிலம், 2020-ல் அதைக் கைவிட்டது.

எல்லாப் பெரிய குடும்பமும் வறுமையில் இருந்துகொண்டே பெரிதானதும் அல்ல. வேலை நன்றாக இருந்த காலத்தில் பிறந்த பிள்ளைகள் உண்டு. வேலை போனது பிறகு. துணையை இழந்த இருவர் மறுமணம் செய்துகொண்டால் இரண்டும் மூன்றும் ஒரே நாளில் ஐந்து. இறந்துபோன தங்கையின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட வீடுகளும் உண்டு. ஐந்து என்ற எண்ணுக்குள் இவை எதுவும் தெரியாது.

அதனால் திட்டம் போடுபவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டுக்கு இவ்வளவுதான் என்று மொத்தமாக உச்சவரம்பு வைக்காதீர்கள், பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கிடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பதிவு இருக்கட்டும். ஐந்து பிறப்புச் சான்றிதழ்களில் ஒன்றில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால், இன்று பல இடங்களில் மொத்த விண்ணப்பமே திரும்பி வருகிறது. அந்த ஒரு பிள்ளையின் பங்கை மட்டும் நிறுத்திவைத்து, திருத்தம் வந்ததும் பாக்கியோடு கொடுங்கள். மற்ற நாலு பேருக்கும் அந்த மாதமே பணம் போகட்டும்.