தைமோசின் மாத்திரை வைரஸைத் தடுக்குமா?

ஒருவர், தைமோசின் ஆல்ஃபா-1 என்ற பெப்டைட் (சிறு புரதத் துண்டு) மாத்திரை சாப்பிட்டால் ஃப்ளூ, கோவிட் எதுவும் அண்டாது, சீனாவில் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் நோய்க்கே இதைக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இரண்டாவது பாதி உண்மைதான். ஆனால் அங்கே கொடுப்பது மருத்துவர் எழுதித்தரும் ஊசி, தோலுக்கடியில் போடுவது. அதுவும் ஹெபடைடிஸ் பி ஏற்கெனவே வந்தவர்களுக்கு. அந்த நோய் வராமல் தடுக்க அல்ல.

தைமோசின் ஆல்ஃபா-1 என்பது புரதத்தின் அடிப்படைக் கற்களான அமினோ அமிலங்கள் 28 கோத்த சங்கிலி. விழுங்கினால், பருப்பிலுள்ள புரதத்தைப் போலவே வயிற்றிலும் குடலிலும் பெரும்பாலும் அறுபட்டுவிடும். இன்சுலினை இன்றும் ஊசியாகப் போடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆக, ஊசிக்குக் கிடைத்த ஆய்வு முடிவை மாத்திரைக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

நீங்களே சரிபார்க்கலாம். அமெரிக்க சப்ளிமென்ட் என்றால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உடலுக்கு நன்மை என்று ஏதாவது சொல்லியிருந்தால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதை மதிப்பிடவில்லை, எந்த நோயையும் தடுக்கவோ குணப்படுத்தவோ இது அல்ல என்ற வரியும் இருக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அப்புறம் மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் தளத்தில், தைமோசின் ஆல்ஃபா-1-இன் மருந்துப் பெயரான 'தைமால்ஃபாசின்' (thymalfasin) என்பதை ஆங்கிலத்தில் தேடி, ஒவ்வொரு ஆய்விலும் மருந்தை எப்படிக் கொடுத்தார்கள் என்று மட்டும் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இதை நம்பி ஃப்ளூ தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம், தயவுசெய்து.