அளந்து பார்க்காமல் எதற்குய்யா மாற்றுகிறீர்கள்?

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார், கோட் (கார் பதிந்து வைக்கும் கோளாறு எண்) வந்தது, "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார். இன்றைக்கு நம் ஊரில் கார் டயக்னசிஸ் என்பது இவ்வளவுதான். இதற்கு பில்லில் 'டயக்னசிஸ் சார்ஜ்' என்று தனி வரி வேறு. எதைக் கண்டுபிடித்ததற்கு அந்தக் காசு? திரையில் வந்த ஐந்து எழுத்தை வாசித்துக் காட்டியதற்கா?

என் வண்டி பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். ஆக்சிலேட்டர் கேபிள் இருந்த காலத்து வண்டி. சிக்னலில் நின்றால் ஐடிலிங் தானாக ஏறும், இறங்கும். கிளட்சை விட்டு லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஒரு திணறல், அப்புறம் திடீரென்று ஒரு பாய்ச்சல். கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில், முன்னால் பஸ், பின்னால் தண்ணி லாரி என்று போகும்போது வண்டி இப்படித் திணறினால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வயிறு கலங்கும். அதனால்தான் செக் இன்ஜின் லைட் எரிந்ததும் பெரிய சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போனேன். கோட் பி0123. த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மாற்றினார்கள். லைட் அணைந்தது. ஒரு மழை பெய்தது, அதே திணறல், அதே லைட், அதே பி0123. திரும்பப் போனால் இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றதும் அங்கிருந்த சர்வீஸ் அட்வைசர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்கிறார்: "ஈசியு போயிருக்கும் சார், கொட்டேஷன் போடட்டுமா?" ஈசியு என்றால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்.

இத்தனைக்கும் நடுவில் ஒருவர்கூட மல்டிமீட்டரைக் கையில் எடுக்கவில்லை. ஒருவர்கூட.

அந்த சென்சார் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பழைய ரேடியோவில் வால்யூம் திருகுவோமே, அதே வேலைதான் இதற்கும். த்ராட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வோல்டேஜாக மாற்றிச் சொல்லும். மூன்று வயர். ஒன்றில் ஈசியு 5 வோல்ட் கொடுக்கும், ஒன்று கிரவுண்ட், மற்றது சிக்னல். தகடு மூடியிருந்தால் சிக்னல் அரை வோல்ட்டை ஒட்டி இருக்கும், முழுக்கத் திறந்தால் நாலரை வோல்ட் பக்கம் போகும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பி0123 என்றால், அந்த சிக்னல் இருக்க வேண்டிய அளவைவிட ஏறிப் போயிருக்கிறது என்று அர்த்தம். பி0122 என்றால் இறங்கிப் போயிருக்கிறது. கோட் சொல்வது இவ்வளவுதான். சென்சார் கெட்டுவிட்டது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. சென்சார் உள்ளே கெட்டுப் போனாலும் சிக்னல் ஏறலாம், சிக்னல் வயர் 5 வோல்ட் வயரோடு உரசினாலும் ஏறலாம், கிரவுண்ட் அறுந்தாலும் ஏறலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் கவனிக்க வேண்டும். கிரவுண்ட் விட்டுப் போனால் அந்த 5 வோல்ட் இறங்குவதற்கு வழியே இல்லை, அப்படியே சிக்னலில் வந்து நிற்கும். அந்த நிலையில் புது சென்சார் போடுங்கள், தங்கத்தில் செய்த சென்சார் போடுங்கள், கோட் அதேதான் வரும். இது தெரியாமல் ஒருவர் மெக்கானிக் உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறார் என்றால், அதற்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

இன்னொரு அநியாயம் இருக்கிறது. வண்டி உள்ளே போனதும் முதல் வேலையாகக் கோட் எண்ணை அழிக்கிறார்கள். "எரேஸ் பண்ணிப் பாப்போம் சார், திரும்ப வருதான்னு." ஐயா, கோட் விழுந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு என்று ஈசியு ஒரு பதிவு எடுத்து வைத்திருக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று அதே ஸ்கேனரில் ஒரு பட்டன் இருக்கிறது. விட்டு விட்டு வரும் கோளாறுக்குக் கையில் இருக்கும் ஒரே தடயம் அது. கோட் எண்ணை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பார்த்துக் குறித்து வைத்துவிட்டாவது அழிக்கக் கூடாதா?

எனக்குத் தெரிந்த இன்னொருவருக்கு நடந்தது இதைவிட மோசம். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஆக்சிலேட்டரைத் தொடாதபோதே த்ராட்டில் 13 சதவீதம் காட்டியதாம். "பாருங்க சார், பூஜ்யம் காட்டணும், காட்டல, சென்சார் அவுட்" என்றிருக்கிறார்கள். பல வண்டிகளில் மூடிய நிலையிலேயே பத்துக்கு மேல்தான் காட்டும். 5 வோல்ட்டில் 0.65 வோல்ட் என்றால் 13 சதவீதம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நன்றாக இருக்கும் சென்சாரைக் கெட்டது என்று சொல்லி விற்றுவிட்டார்கள்.

கடைசியில் என் வண்டியைச் சரி செய்தது புதுப்பேட்டையில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன். ஏசி லவுஞ்ச் கிடையாது, காபி மெஷின் கிடையாது. முள் ஆடும் பழைய மீட்டர் ஒன்று, இரண்டு குண்டூசி. "தம்பி, சாவியை மட்டும் போடுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றார். கனெக்டரைக் கழற்றாமலேயே பின்பக்கமாக ஊசியைச் செருகினார். 5 வோல்ட் சரியாக இருந்தது. சிக்னலில் வைத்தார், ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே ஒரு வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. "மெதுவா மிதிங்க... இன்னும் மெதுவா" என்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்சாரின் தடம் தேய்ந்திருந்தால் முள் நடுவில் எங்காவது தடுக்கி விழும். அதிலும் நாம் பெரும்பாலும் லேசாக மிதித்தே ஓட்டுவதால் ஆரம்பத்துப் பகுதிதான் முதலில் தேயும், அங்கேதான் விழும். இங்கே முள் ஒரு துடிப்புகூட இல்லாமல் ஏறியது. சென்சாரில் குறை இல்லை. ஆனால் தொடங்கிய இடமே உயரமாக இருந்தது.

அப்புறம் சிவப்பு முனையை சென்சாரின் கிரவுண்ட் பின்னிலும், கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தார். அங்கே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. 0.1 வோல்ட் தாண்டினாலே யோசிக்க வேண்டும். அரை வோல்ட் காட்டியது. கனெக்டரைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். கிரவுண்ட் பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஈரம் பட்டால் தொடர்பு விடும், காய்ந்தால் பிடிக்கும். தகடு மூடியிருந்தாலும் கொஞ்சம் திறந்திருப்பதாக ஈசியு நினைத்துக்கொண்டு ஐடிலிங்கைப் பிடிக்க முடியாமல் தவித்திருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து, இளகியிருந்த டெர்மினலை மாற்றி, ரப்பர் சீலைப் புதிதாகப் போட்டார். காபி குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்தது. அவர் கேட்ட கூலி, சர்வீஸ் சென்டரின் டயக்னசிஸ் சார்ஜைவிடக் குறைவு. திணறல் போயே போய்விட்டது.

அந்தத் தண்ணீர் உள்ளே எப்படிப் போனது தெரியுமா? சர்வீஸுக்கு விட்டால் 'காம்ப்ளிமென்டரி' என்று சொல்லி இன்ஜின் மேலேயே பிரஷர் பம்ப் வைத்து வாட்டர் வாஷ் அடிக்கிறார்களே, வேறு எப்படி? அவர்களே தண்ணீரை ஏற்றி, அவர்களே சென்சாரை விற்கிறார்கள். வேண்டுமென்று செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்ஜின் அறைக்குள் தண்ணீர் அடித்த வண்டியில், ஈரத்தில் மட்டும் ஒரு கோளாறு வருகிறது என்றால் முதலில் கனெக்டரைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதுகூடவா தோன்றாது? எலி கடித்த வயரையும் இப்படித்தான் பார்க்காமல் விடுகிறார்கள்.

கேபிள் வண்டியில் சென்சார் தனியாகக் கிடைக்கும், அதோடு போயிற்று. இப்போது வரும் வண்டிகளில் கேபிளே இல்லை. த்ராட்டிலை மோட்டார்தான் திறக்கிறது, சென்சார் த்ராட்டில் பாடிக்குள்ளேயே இருக்கிறது, பாதுகாப்புக்காக இரண்டு சிக்னல். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் பி2135 விழும், வண்டி லிம்ப் மோடுக்குப் போய் ஆமை வேகத்தில் நகரும். அதற்கும் களிம்பு பிடித்த ஒரே ஒரு கனெக்டர் பின் போதும். ஆனால் அங்கே "மாத்திடலாம் சார்" என்றால் த்ராட்டில் பாடி மொத்தமாக மாறும், பில் பல மடங்காகும். பெடலில் இருக்கும் சென்சார் வேறு, அதன் கோட் பி2138. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பெடலில் இருக்கும் கோளாறுக்கு த்ராட்டில் பாடியை மாற்றினால் யார் தலையில் விழும்? 'எலக்ட்ரிக்கல் பொருட்கள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போர்டே தொங்குகிறது. அவர்கள் தப்பாக யூகித்ததற்கு நம் பர்ஸ்தான் அழ வேண்டும்.

இனி யார் வந்து சென்சார் போச்சு என்றாலும் நான் கேட்பது ஒன்றுதான்: சப்ளை எத்தனை வோல்ட், சிக்னல் எத்தனை, கிரவுண்டில் எவ்வளவு இழப்பு? மூன்று எண்ணையும் ஜாப் கார்டில் எழுதுங்கள். எழுத முடியாது என்றால் சாவியைக் கொடுங்கள்.

அந்தக் களிம்பு பிடித்த டெர்மினலை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மேனேஜர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "புது சென்சார் போட்டதுல உங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லையே சார், லைஃப் வருமே" என்றார். சரி, என் பழைய சென்சாரையாவது கொடுங்கள் என்றேன். ஸ்கிராப்பில் போட்டாச்சாம். காசு என்னுடையது, வண்டி என்னுடையது, கழற்றியது நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொருள். யாரைக் கேட்டு ஸ்கிராப்பில் போட்டீர்கள்?