மாப்பிள்ளை ஓகே சொன்னா ஆல்பம் முடிஞ்சுதா?

கல்யாண ஆல்பம் டிசைன் பண்ற நண்பர்கள் பலர், புதுசா வர்ற பசங்களுக்கு ஒரு அறிவுரை சொல்வாங்க: “அப்ரூவலைப் பொண்ணு மாப்பிள்ளைகிட்ட மட்டும் வாங்கு. சொந்தக்காரங்களை உள்ளே விட்டா வேலை முடியாது.” எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

பொண்ணும் மாப்பிள்ளையும் எதைப் பார்த்து ஓகே சொல்றாங்கன்னு யோசிங்க. ஆல்பத்தை விரிச்சா தெரியுற ரெண்டு பக்கமும் சேர்ந்தது ஒரு ஷீட்; அது 12க்கு 36 இன்ச். 300 டிபிஐயில், அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி வச்சா, 3,600க்கு 10,800 பிக்சல். அதை ஜேபெக் ஆக்கி வாட்ஸ்அப்பில் தட்டிவிடுறோம். போனை நிமிர்த்திப் பிடிச்சா ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டைதான் தெரியும். குரூப் போட்டோவில் நிக்கிறவர் தலை கடுகு சைஸ். ஆபீஸ் போற அவசரத்தில் எல்லா ஷீட்டையும் தள்ளிப் பார்த்துட்டு ஒரு கட்டைவிரலைப் போடுவாங்க. நாமும் அதை நம்பி பிரிண்ட் போடுற லேபுக்கு அனுப்பிடுவோம்.

ஆல்பம் வீட்டுக்குப் போனதும் முதல் கேள்வி பொண்ணோட அம்மாகிட்டேயிருந்து வரும். “எங்க அண்ணன் மாலை போட்டது எங்கடா?” மெஹந்தி கை மட்டும் நாலு குளோசப் இருக்கும், தாய்மாமன் இருக்க மாட்டார். ஷேக் ஆன படம்னு செலக்ஷனிலேயே கழிஞ்சிருக்கும். ஆனா பல வருஷம் பேச்சுவார்த்தையே இல்லாம இருந்த அண்ணன் அன்னைக்குத்தான் மேடை ஏறினார்னு அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். போட்டோஷாப்புக்கு எப்படித் தெரியும்? பொண்ணுக்கே தெரியாது.

நிறமும் அப்படித்தான். ட்ரெண்டுன்னு ஒரு பிரீசெட்டை (ரெடிமேட் கலர் செட்டிங்) போட்டு அரக்குக் கூரைப்புடவையைக் காப்பிப்பொடி கலருக்குக் கொண்டுபோயிடுறோம். மாப்பிள்ளை “சினிமாட்டிக்கா இருக்கு ப்ரோ”ன்னு சந்தோஷப்படுவார். கடையில் அரைநாள் உட்கார்ந்து அந்தப் புடவையை எடுத்த அம்மா, “இது நாங்க எடுத்த புடவையே இல்லையே”ம்பாங்க. அவங்க சொல்றதுதான் சரி.

அதனால நான் சொல்றது: ரெண்டு வீட்டிலும் உறவுமுறை தெரிஞ்ச ஒரு பெரியம்மாவையோ அத்தையையோ சிஸ்டம் முன்னாடி உட்கார வையுங்க. அதுவும் செலக்ஷன் நேரத்திலேயே. யாரைச் சின்னக் கட்டத்தில் போட்டா மனஸ்தாபம் வரும், யாரை யார் பக்கத்தில் வைக்கக் கூடாதுன்னு நிமிஷத்தில் சொல்லிடுவாங்க. டிசைன் முடிஞ்சதும் அதே ஆளுங்களுக்குப் பெரிய மானிட்டரில் ஷீட் ஷீட்டாக் காட்டுங்க. நடு மடிப்பு சம்பந்தியம்மா மூக்கில் விழுறதை அவங்கதான் முதலில் பிடிப்பாங்க.

கட்டுப்பாடு வேண்டாம்னு சொல்லலை. கரெக்ஷன் ரெண்டு தடவை, ஷீட் நம்பர் போட்டு, மொத்தமா எழுத்தில். வாய்ஸ் மெசேஜில் வந்தா எடுத்துக்காதீங்க. பேரும் தேதியும் பத்திரிகையைப் பக்கத்தில் வச்சுச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிடுங்க.

“பெரியவங்க வந்தா ஷீட் கூடிடுமே”ன்னு ஒருத்தர் கேட்டார். கூடட்டுமே. ஷீட் கூடினா பில்லும் கூடும். அந்தப் பில்லைக் கட்டப் போறது பெரும்பாலும் மாப்பிள்ளை இல்லை, அவரோட அப்பா.